சி.ஏ. மட்டுமா வழி?

மாதுங்கா, தாராவியிலிருந்து தினமும் லோக்கல் ரயிலேறிக் கணக்கெழுதப் போகும் நம்மவர் பலருக்கும் உள்ள ஆசை, எப்படியாவது சி.ஏ. முடித்துவிட வேண்டும் என்பது. பரீட்சைக்கு ராக்கண் விழித்துப் படித்துவிடலாம். இடிப்பது ஆர்ட்டிகிள்ஷிப். 2023-ல் மூன்று ஆண்டு இரண்டாகக் குறைந்தது என்னவோ உண்மை. ஆனால் அந்த இரண்டு ஆண்டும் ஆடிட்டரிடம் முழுநேரம் இருக்க வேண்டும். கிடைப்பதோ உதவித்தொகை. மாதாமாதம் ஊருக்குப் பணம் அனுப்புகிறவர் சம்பளத்தை விட்டுவிட்டு எப்படிப் போவார்?

அவர்களுக்கு ஏற்றது காஸ்ட் அக்கவுண்டன்சி. நம்மவர்களில் பலர் இதை இரண்டாந்தரமாக நினைப்பது வீண் கௌரவம். 1959-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கழகம் நடத்தும் படிப்பு இது. பிளஸ் டூ முடித்தவர் ஃபவுண்டேஷன் எழுத வேண்டும், பி.காம். பட்டதாரி நேரே இன்டர்மீடியட்டில் சேரலாம். பயிற்சி 15 மாதம். கம்பெனியில் பார்க்கும் கணக்கு வேலை தகுதியுடையதானால் அதுவே பயிற்சியாக ஏற்கப்படும். காலையில் ஆபீஸ், இரவில் பாடம். 2013-ம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 148-வது பிரிவுப்படி காஸ்ட் ஆடிட் செய்யும் உரிமையும் இவர்களுக்கே.

ரயில்வே கணக்குப் பிரிவில் இருப்பவர் வெளியே அலைய வேண்டியதில்லை. அப்பெண்டிக்ஸ் 2 தேறினால் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டெண்ட். அப்பெண்டிக்ஸ் 3 தேறினால் சீனியர் செக்ஷன் ஆபீசர் பதவிக்கு வழி. பலரும் முதலாவதோடு நின்றுவிடுகிறார்கள்.