பாடசாலைக்குச் செல்ல அஞ்சும் பிள்ளை

பாடசாலைக்கு ஒழுங்காக வாராத பிள்ளைகள் அனைவரையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பது நம்மவரிடையே நெடுங்கால வழக்கமாக இருந்துவருகிறது. சோம்பேறி, அடங்காப்பிடாரி, படிப்பு ஏறாதவன் என்னும் பெயர்களுள் ஒன்றைச் சூட்டிவிட்டால் காரியம் முடிந்துவிட்டது என்று பெற்றோரும் ஆசிரியரும் எண்ணுகின்றனர். ஆனால் வாராமையில் இரு வகை உண்டு. அவ்விரண்டும் ஒன்றற்கொன்று முற்றிலும் மாறானவை.

ஒருவன் வெள்ளைச் சீருடை அணிந்து, புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் புறப்படுகிறான். பாடசாலை வாயிலை அவன் அடைவதில்லை. பஸ் தரிப்பிடத்திலோ ஆற்றங்கரையிலோ பொழுதைப் போக்கிவிட்டு, பாடசாலை விடும் நேரத்தில் மற்றவர்களோடு சேர்ந்து வீடு திரும்புகிறான். பெற்றோர் இதனை அறியார். இது மட்டம் போடுதல். மற்றொரு பிள்ளையோ புறப்படுவதே இல்லை. சீருடையை அணிந்த பின்னும் வாயிற்படியைத் தாண்டக் கால் எழுவதில்லை. அழுகிறாள், நடுங்குகிறாள், வாந்தி எடுக்கிறாள். வீட்டிலேயே இருக்கிறாள், வீட்டார் அறியவே இருக்கிறாள். அவளிடம் வேறு கெட்ட நடத்தை எதுவும் இல்லை.

இலண்டனில் லயனல் ஹேர்சோவ் என்னும் மனநல வைத்தியர் 1960ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இவ்வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துக்காட்டிற்று. பாடசாலைக்குச் செல்ல மறுத்த 50 பிள்ளைகளையும், மட்டம் போட்ட 50 பிள்ளைகளையும், வேறு 50 பிள்ளைகளையும் அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். செல்ல மறுத்தவர்கள் பெரும்பாலும் படிப்பிலும் நடத்தையிலும் நல்ல நிலையில் இருந்தவர்கள் என்பதைக் கண்டார். ஆசிரியரின் பிரம்புக்கு ஒருநாளும் வேலை வையாத பிள்ளையே திடீரென்று ஒருநாள் வாராது நின்றுவிடுகிறது. மந்தமான பிள்ளைக்குத்தான் இது வரும் என்று நினைப்போர் இதனைக் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

இதற்கு முதல் அடையாளம் பெரும்பாலும் உடலில் தோன்றும். ஞாயிற்றுக்கிழமை மாலை வயிற்றுவலி தொடங்குகிறது. திங்கட்கிழமை காலையில் தலை சுற்றுகிறது. பத்து மணியாகி, இனி இன்றைக்குப் போக வேண்டியதில்லை என்று ஆனதும் வலி நீங்கிவிடுகிறது. சனிக்கிழமை வலியே இல்லை. இதைக் கண்டவர்கள் நடிப்பு என்று முடிவு கட்டிவிடுவர். நடிப்பன்று. அச்சம் வந்தால் நெஞ்சு படபடப்பதும், வயிறு பிசைவதும், கைகால் குளிர்வதும் உடலின் இயல்பு. அச்சத்துக்குரியது அகன்றதும் அவை அகல்வதும் இயல்பே. வலி மெய்யானது; அதன் வேர்தான் வயிற்றில் இல்லை.

இங்கு ஒரு சூழ்ச்சி இருக்கிறது. வீட்டில் தங்கியதும் கிடைக்கும் ஆறுதல், மறுநாளும் தங்குக என்று மனத்துக்குக் கற்பித்துவிடுகிறது. ஒவ்வொரு நாள் தங்கும்போதும் தவறிய பாடம் கூடுகிறது. இத்தனை நாள் எங்கே போனாய் என்று தோழியர் கேட்பார்களே என்னும் நாணமும் கூடுகிறது. ஆகவே, தானாகச் சரியாகும் என்று மாதக்கணக்கிற் காத்திருப்பது நோயை வளர்ப்பதாகவே முடியும். தடியெடுத்து இழுத்துச் செல்வதும் அத்தகையதே; அது முன்னிருந்த அச்சத்தோடு இன்னோர் அச்சத்தைச் சேர்க்கிறது.

ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் இத்துன்பத்துக்குத் தனியான சில வாயில்கள் உள்ளன. பசறை, லுணுகலை, நமுனுகலை, ஹப்புத்தளை முதலிய பகுதிகளில் தோட்டப் பாடசாலைகள் பல ஐந்தாம் வகுப்போடோ ஒன்பதாம் வகுப்போடோ நின்றுவிடுகின்றன. அதன்பின் பிள்ளை மலையிறங்கி, பஸ் ஏறி, பதுளைக்கோ பண்டாரவளைக்கோ செல்ல வேண்டும். பாடசாலை மாறும் காலமே இவ்வச்சம் மிகுதியாகத் தலைதூக்கும் காலம் என்பது உலகெங்கும் கண்ட உண்மை. இங்கோ பாடசாலையுடன் ஊரும் மாறுகிறது, பேச்சும் மாறுகிறது. லயத்துப் பேச்சு வழக்கைக் கேட்டுச் சிரிக்கும் வகுப்பறை இன்றும் இல்லாமற் போய்விடவில்லை. "தோட்டக்காட்டான்" என்னும் ஒரு சொல், பதின்மூன்று வயதுப் பிள்ளையின் வாயை ஓராண்டு காலம் அடைத்துவிட வல்லது. தாய் மத்திய கிழக்கு நாடொன்றில் வீட்டுப் பணிக்குச் சென்றிருக்க, பாட்டியின் பொறுப்பில் வளரும் பிள்ளைகளும் பலர். அவர்களுள் சிலர் எஞ்சியிருக்கும் ஒருவரையும் விட்டுப் பிரிய அஞ்சுகின்றனர்.

பிரிவச்சம் என்று வைத்தியர் கூறுவதை மலைநாட்டார்க்கு விளக்க வேண்டியதில்லை. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. பாடசாலைக்குச் சென்றிருந்ததனால் உயிர் தப்பிய பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுட் சிலருக்குத் திரும்பி வர வீடு இல்லை. வீடிழந்தவர்களுக்குப் பாடசாலைக் கட்டடங்களே புகலிடமாயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த பெருமழை பதுளை மாவட்டத்தின் மலைச்சரிவுகளை மீண்டும் உலுக்கிற்று. மழை இரைச்சல் கேட்டதும் அம்மாவை விட்டுப் போகமாட்டேன் என்று சொல்லும் பிள்ளையைப் பிடிவாதக்காரி என்று ஏசுவது எவ்வாறு தகும்?

சட்டம் ஒன்று உண்டு. கட்டாயக் கல்விக்கான ஒழுங்குவிதிகள் 1997ஆம் ஆண்டு வந்தன. 2016ஆம் ஆண்டு முதல் ஐந்து வயது தொடக்கம் பதினாறு வயதுவரை பிள்ளை பாடசாலையில் இருத்தல் வேண்டும். வரவைக் கண்காணிக்கும் குழுக்களுக்கும் அவ்விதிகளில் இடமுண்டு. ஆனால் குழுவினர் வீடு தேடி வரும்போது கையில் விதியை மட்டும் கொண்டு வந்தால், பிள்ளை கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும், அவ்வளவே பயன்.

முதலிற் செய்ய வேண்டியது கேட்பது. அதுவும் காலையிற் கேட்கலாகாது; அழுகை அடங்கிய மாலைப் பொழுதில், அடுப்படியில் அமர்ந்து கேட்பது நன்று. பஸ்ஸில் எவனேனும் தொந்தரவு செய்கிறானா? ஆசிரியர் எவரேனும் அடிக்கிறாரா? பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அச்சத்துக்கு உண்மையான காரணம் ஒன்று இருக்குமாயின், அதை நீக்காமற் பிள்ளைக்குத் தைரியம் கூறுவது நியாயமன்று.

பின்னர், படிப்படியாகத் திரும்புதல். முதல் இரண்டு நாள் வாயில்வரை நடந்துவிட்டுத் திரும்பலாம். அடுத்து நூல்நிலையத்தில் ஒரு மணி நேரம் இருக்கலாம். பிறகு, விருப்பமான பாடம் ஒன்றுக்கு மட்டும் வகுப்பில் அமரலாம். அதன்பின் இடைவேளை வரை. படி சிறிதாக இருக்கலாம். நாள்தோறும் ஏறுவதே முக்கியம். ஒரு நாள் தவறினால் முதற்படிக்கு ஓடவேண்டாம். முந்திய நாள் நின்ற படியிலிருந்து தொடங்குக. வீட்டில் தங்கும் நேரத்தில் தொலைபேசி விளையாட்டும் தொலைக்காட்சியும் வேண்டாம். பாடசாலை நேரம் பாடசாலை நேரமாகவே கழியட்டும்.

தோட்டத்துக் குடும்பத்துக்கு இதில் ஒரு பெரிய இடர் உண்டு. பிள்ளைக்குத் துணை வேண்டிய அதே காலை வேளையில்தான் தாய் பெரட்டுக்குப் போகவேண்டும். பிந்தினால் அன்றைய பேர் போய்விடும். பேர் போனால் அடுப்பு எரியாது. நூல்களில் எழுதப்பட்டுள்ள அறிவுரைகள் பெரும்பாலும், தாய் வீட்டில் இருப்பாள் என்று எண்ணிக்கொண்டு எழுதப்பட்டவை. எனவே துணைக்கு வேறொருவரைக் காலையில் நிறுத்துவதே இங்கு தலையாய வேலை. ஓய்வுபெற்ற தாத்தா இருக்கலாம். அடுத்த காம்பராவின் அக்கா இருக்கலாம். அதே பஸ்ஸில் செல்லும் ஒரு தோழி இருக்கலாம். இரண்டு வார காலத்துக்குத் தாயைச் சற்றுத் தாமதித்து மலைக்கு வர விடுமாறு பாடசாலை அதிபர் தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதலாம். அது அதிபருக்குக் குறைவன்று. வாயிலில் ஓர் ஆசிரியை நின்று, எவரும் கேள்வி கேளாதவாறு பிள்ளையை அழைத்துச் செல்வதற்குச் செலவு ஒன்றும் இல்லை. "அடடா, மகாராணி வந்துவிட்டாள்" என்று வகுப்பில் ஒருவர் சொல்லும் கேலி, ஒரு மாத உழைப்பை ஒரு நொடியிற் கெடுத்துவிடும்.

சில பிள்ளைகளுக்கு அச்சத்தோடு மனச்சோர்வும் கலந்திருக்கும். உறக்கம் கெடும், சோறு வேண்டாதாகும், முன்பு விரும்பிய விளையாட்டும் சினிமாப் பாட்டும் கசக்கும். இளம் வயதினரிடம் துயரம் பல வேளை எரிச்சலாகவும் சினமாகவும் தோன்றும். இரண்டு வாரத்துக்கு மேல் இந்நிலை நீடித்தால் வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும். முனியாண்டி கோவிலில் நூல் மந்திரித்துக் கட்டுவதனால் பிள்ளைக்குத் தைரியம் பிறக்குமானால் கட்டட்டும். ஆனால் அதன் பொருட்டு வைத்தியசாலைப் பயணத்தைத் தள்ளிப்போடலாகாது. பதுளை அரசாங்க வைத்தியசாலையில் மனநலப் பிரிவு உண்டு; அங்கே கட்டணம் இல்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கம் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. வைத்தியர் மருந்து கொடுத்தால், அவரைக் கேளாமல் அதனை நிறுத்தலாகாது.

செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று பிள்ளை கூறினால் அதை வெறும் பேச்சென்று விடலாகாது. அப்படி எண்ணம் வருகிறதா என்று வெளிப்படையாகக் கேட்பதனால் இல்லாத எண்ணம் உண்டாகிவிடாது. கேட்கப்பட்ட பிள்ளைக்குப் பாரம் குறையும். அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்க. அதுவரை தனியே விடாதிருப்பதோடு, பூச்சிமருந்தையும் களைநாசினியையும் வீட்டைவிட்டு அகற்றுக. இலங்கையில் 1995ஆம் ஆண்டளவில் உச்சத்தில் இருந்த தற்கொலை வீதம், கொடிய நஞ்சுகள் தடை செய்யப்பட்ட பின் பத்தாண்டுகளில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. நஞ்சு எட்டாத இடத்தில் இருந்ததனாற் பிழைத்தவர் எண்ணற்றோர்.

பிள்ளை முழு நாளும் பாடசாலையில் இருக்கத் தொடங்கிய பின்னும் ஒன்றை மறத்தலாகாது. சித்திரை விடுமுறை, ஆகஸ்ட் விடுமுறை, மார்கழி விடுமுறை இவை ஒவ்வொன்றின் பின்னும் பழைய வயிற்றுவலி எட்டிப் பார்க்கும். தவணை தொடங்குவதற்கு இரண்டு நாள் முன்பே சீருடையைத் துவைத்து மடித்து வைத்து, பஸ் தரிப்பிடம் வரை ஒரு மாலை நடந்து வந்துவிட்டால், அந்தத் திங்கட்கிழமை சற்று எளிதாகும்.