குப்பைக்குப் போகும் கண்ணாடிக் கல் தோட்டத்தில் ஜொலிக்கிறது!

தீக்குச்சியின் தலையில் என்ன இருக்கிறது?

"மருந்து" என்று சின்னக் குழந்தையும் சொல்லும். ஆனால், அந்த மருந்தில் கண்ணாடித் தூளும் கலந்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தீப்பெட்டியின் பக்கத்தில் பூசியிருக்கிறதே கருஞ்சிவப்புப் பட்டை, அதிலும் கண்ணாடித் தூள் உண்டு. குச்சியை உரசும்போது சூடு பிறப்பதற்கு அந்தத் தூள் உதவுகிறது.

அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். 1923-ம் ஆண்டு சிவகாசியில் தொழிலைத் தொடங்கினார்கள். நொறுங்கிய கண்ணாடிக்கும் வேலை உண்டு என்பது இந்த வட்டாரம் கண்ட உண்மை.

நொறுங்கிய கண்ணாடிக்கே இந்த மதிப்பு என்றால், நொறுங்காத கண்ணாடிக்கு?

பழைய வீட்டை இடிக்கிறார்கள். தேக்கு நிலைக்கு விலை பேசுகிறார்கள். இரும்புக் கம்பி எடைக்குப் போகிறது. மாடிப்படிச் சுவரில் வெளிச்சத்துக்காகப் பதித்திருந்த கண்ணாடிக் கற்கள் மட்டும் மண்ணோடு மண்ணாகக் குப்பை மேட்டுக்குப் போகின்றன.

அவற்றை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். தோட்டத்தில் அவற்றுக்கு நிறைய வேலை இருக்கிறது!

உள்ளே காற்று, வெளியே கண்ணாடி

கொத்தனார்கள் இதை "கிளாஸ் பிளாக்" என்பார்கள். இரண்டு கண்ணாடிக் கிண்ணங்களைச் சூடாக இருக்கும்போதே வாயோடு வாய் வைத்து ஒட்டினால் ஒரு கல். நடுவில் வெற்றிடம் போல மெல்லிய காற்று நிற்கும். வெளிச்சம் உள்ளே வரும். ஆள் உருவம் தெரியாது.

சுவிட்சர்லாந்துக் கட்டிடக்கலைஞர் குஸ்தாவ் பால்கோனியே 1880-களில் ஊதிச் செய்த கண்ணாடிச் செங்கல்லுக்குக் காப்புரிமை பெற்றார். பாரிஸ் நகரில் 1932-ல் கட்டி முடித்த "கண்ணாடி வீடு" இந்தக் கல்லுக்கு உலகப் புகழ் தேடித் தந்தது. பிறகு அது நம் ஊர் மாடிப்படிச் சுவருக்கும் வந்து சேர்ந்தது.

வழக்கமான கல் 19 சென்டிமீட்டர் சதுரம், 8 சென்டிமீட்டர் கனம். இரண்டரைக் கிலோவுக்குள் எடை இருக்கும். கரையான் அரிக்காது. துரு ஏறாது. தண்ணீர் கேட்காது!

குப்பையில் பிறந்த தோட்டம்

"குப்பையை வைத்துத் தோட்டமா?" என்று சிரிப்பவர்கள் சண்டிகரைப் பார்க்க வேண்டும்.

நேக் சந்த் என்பவர் அங்கே மராமத்து இலாகாவில் சாலை இன்ஸ்பெக்டராக இருந்தார். தேசப் பிரிவினையால் பஞ்சாபில் சொந்த ஊரை இழந்து வந்தவர். புதிய நகரம் கட்டுவதற்காகப் பழைய கிராமங்களை இடித்தார்கள். இடிந்த வீடுகளில் கிடந்த உடைந்த வளையல், பீங்கான், ஓடு ஆகியவற்றை அவர் சைக்கிளில் சேர்த்து வந்தார். 1957-ம் ஆண்டு வாக்கில், சுக்னா ஏரிக்கு அருகே காட்டில் ரகசியமாகத் தோட்டம் அமைக்கத் தொடங்கினார்.

அது சர்க்கார் நிலம். ஏறத்தாழ 18 ஆண்டுகள் அதிகாரிகளுக்கு விஷயம் தெரியாது! தெரிந்தபோது இடித்துத் தள்ளியிருக்கலாம். ஆனால், இடிக்க மனம் வரவில்லை. 1976-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நேக் சந்துக்குச் சம்பளமும் கொடுத்து, வேலையாட்களும் கொடுத்தார்கள். 1984-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2015-ல் அவர் காலமானார். வளையல் துண்டுகளைச் சேலையாக உடுத்திய பொம்மைகள் இன்றும் அங்கே அணிவகுத்து நிற்கின்றன.

நமக்குக் காடு வேண்டாம். கொல்லைப்புறம் போதும்.

கரிசல் மண்ணின் குணம்

விருதுநகர் பக்கம் தோட்டம் போடுகிறவர்கள் முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும். கரிசல் மண் மழையில் உப்பும். வெயிலில் சுருங்கி, கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் சிமெண்டுக் கலவை வைத்துக் கண்ணாடிக் கல்லைக் கட்டினால், இரண்டு கோடையில் விரிசல் விழுந்துவிடும்.

எனவே கலவை வேண்டாம். ஒரு சாண் ஆழத்துக்குப் பள்ளம் தோண்டுங்கள். அடியில் சரளையும் அதன்மேல் மணலும் பரப்பித் திமிசு போட்டு இறுக்குங்கள். கல்லை மூன்றில் ஒரு பங்கு மணலில் புதையும்படி வையுங்கள். கல்லுக்கும் கல்லுக்கும் விரல்கடை இடைவெளி விடுங்கள். மண் அசைந்தாலும் கல் உடையாது. சாய்ந்தால் எடுத்து நிமிர்த்திக்கொள்ளலாம்.

ஆறடி நீளப் பாத்திக்கு ஒரு பக்கம் 10 கல் இருந்தால் போதும். உள்ளே மேசை ரோஜாவும் கற்றாழையும் வைத்தால் தண்ணீர்ச் செலவும் குறைவு.

துளசி மாடத்துக்குக் காவல்

ஆடிக் காற்றில் அகல் விளக்கு நிற்பதில்லை என்பது பெண்களின் குறை. மாடத்தின் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கல்லை நிறுத்திப் பாருங்கள். காற்று அடங்கும், ஒரு சுடர் பத்துச் சுடராகத் தெரியும். ஆனால், சுடருக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி வேண்டும். நெருப்பு நெருங்கினால் கண்ணாடி வெடித்துவிடும்.

நான்கு கல்லின்மேல் ஒரு கடப்பைக் கல்லைப் போட்டால் பூந்தொட்டி வைக்க மேடை தயார். இதில் ஆள் உட்காரக் கூடாது. கண்ணாடிக் கல் பாரம் தாங்கும் சுவருக்கு ஏற்பட்டதல்ல.

இரவில் ஒளி வேண்டுமா? கண்ணாடி வெட்டும் கடையில் கல்லில் ஒரு துளை போட்டுத் தருவார்கள். வைரமுனைத் துரப்பணத்தால், தண்ணீர் விட்டுக்கொண்டே துளைக்க வேண்டும். சூரிய ஒளியில் எரியும் சிறிய சீரியல் விளக்கை உள்ளே விட்டால் தீர்ந்தது. துளை கீழ்ப்பக்கம் இருக்கட்டும். மேலே இருந்தால் மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு முட்டையிடும்.

நடைபாதையின் ஓரத்தில் கல்லை வைக்கலாம். காலடியில் பதிக்காதீர்கள். ஐப்பசி மழையில் வழுக்கும்.

தேர்ந்தெடுப்பது எப்படி?

கல்லை வெளிச்சத்தில் தூக்கிப் பிடியுங்கள். உள்ளே நீர்த்துளியோ பாசியோ தெரிந்தால் விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். அதை ஒதுக்கிவிடுங்கள்.

சுண்ணாம்புச் சாந்து ஒட்டியிருந்தால் இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, மரச் சுத்தியால் தட்டி எடுங்கள். உப்புக் கறைக்குப் புளி போட்டுத் தேய்த்தால் போதும். சிமெண்டு விடாது. அதோடு போராட வேண்டாம். அந்தப் பக்கத்தை மண்ணுக்குள் புதைத்துவிடுங்கள்! கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் அவசியம்.

உடைந்த கல்லும் வீணல்ல. பழைய கண்ணாடி வாங்குகிறவரிடம் கேட்டுப் பாருங்கள். கண்ணாடியை எத்தனை முறை உருக்கினாலும் தரம் கெடாது.

நெருப்பு ஊருக்கு ஓர் எச்சரிக்கை

இது எல்லோரும் படிக்க வேண்டிய பகுதி.

குவிந்த கண்ணாடி வெயிலை ஒரு புள்ளியில் குவிக்கும். அந்தப் புள்ளியில் காய்ந்த சருகு இருந்தால் தீப்பற்றும். தண்ணீர் நிரம்பிய உருண்டைக் கண்ணாடிக் குடுவையும் இதே வேலையைச் செய்யும். தட்டையான கண்ணாடிக் கல் பெரும்பாலும் இப்படிச் செய்யாது. ஆனால், முகம் உப்பிய கல்லும், அலை அலையாக வார்த்த கல்லும் உண்டு.

சோதிப்பது சுலபம். உச்சி வெயிலில், வெறும் தரைக்கு மேலே கல்லைப் பிடித்து மேலும் கீழும் நகர்த்துங்கள். கண் கூசும்படி சின்ன ஒளிப் பொட்டு விழுந்தால், அந்தக் கல்லை வெயிலில் வைக்காதீர்கள். துளசி மாடத்தின் நிழலில் வையுங்கள்.

பட்டாசுக் கொட்டகை, தீக்குச்சி உலர்த்தும் களம், காகிதக் குழாய் சுருட்டும் திண்ணை, வைக்கோல் படப்பு இவற்றின் பக்கத்தில் எந்தக் கண்ணாடியும் வேண்டாம். 2012-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்கும் கண்ணாடிக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும், நெருப்பு விஷயத்தில் "இது என்ன செய்துவிடும்" என்று அசட்டையாக இருக்க இந்த மண்ணில் யாருக்கும் மனம் வராது.

அடுத்த முறை உங்கள் தெருவில் பழைய வீடு இடிபட்டால், கொத்தனாரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். கடப்பாரை படுவதற்கு முன் கண்ணாடிக் கல்லை மெல்லக் கழற்றித் தருவார். கார்த்திகைக்குள் பாத்தி கட்டிவிட்டால், தீபத்தன்று உங்கள் கொல்லைப்புறத்தைப் பார்க்கப் பக்கத்து வீட்டார் வருவார்கள்!