முப்பது பேருக்காக ஓடும் கால்கள்

இறக்காமத்தில் பிள்ளை உயர்தரப் பரீட்சை எழுதி முடித்த வீடுகளில் பேச்சு ஒரு வட்டத்துக்குள்தான் சுழலும். பல்கலைக்கழகம் கிடைக்குமா, கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிப்பதா, இல்லாவிட்டால் கட்டாருக்கு அனுப்புவதா? இராணுவ அதிகாரியாகலாம் என்ற பேச்சு அபூர்வம். அதற்குக் காரணங்கள் உண்டு. சீருடை என்றதும் சோதனைச் சாவடிகளும் 1990ஆம் ஆண்டின் போர்க்கால இரவுகளும் நினைவுக்கு வரும் தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. கட்டளையெல்லாம் சிங்களத்தில் வருமே என்ற தயக்கமும் உண்டு. இவற்றோடு, அங்கே போகும் பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதே நமக்குத் தெரியாது. “அடித்து முறிப்பார்கள்” என்று ஒரு சொல்லில் கதை முடிந்துவிடுகிறது.

அந்தப் பயிற்சி எதற்காக, எப்படி நடக்கிறது, அதற்கு ஒரு பிள்ளை எப்படித் தயாராக வேண்டும் என்று தெரிந்துகொண்டு வேண்டாம் என்பது வேறு. தெரியாமலே வேண்டாம் என்பது வேறு.

தியத்தலாவைக் குளிரில்

இலங்கைத் தரைப்படையின் அதிகாரிகள் உருவாகும் இடம் பதுளை மாவட்டத்தின் தியத்தலாவை. கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கும் மேலே, புல் மலைகளுக்கு நடுவே இருக்கிறது. தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகள் சுமார் 5,000 பேரை 1900ஆம் ஆண்டு முதல் பிரித்தானியர் அடைத்துவைத்தது இந்த இடத்தில்தான். 1950 பெப்ரவரியில் இங்கே தரைப்படைப் பயிற்சி நிலையம் தொடங்கியது. 1981இல் அது இலங்கை இராணுவக் கல்லூரி ஆனது. அதிகாரிகளை முழுமையாக இங்கேயே பயிற்றுவிக்கும் முறை 1968இல்தான் வந்தது. அதற்கு முன் நம் பயிலிளவல் அதிகாரிகள் இங்கிலாந்தின் சான்ட்ஹர்ஸ்ட் கல்லூரிக்குக் கப்பலேறினார்கள்.

இன்னொரு வாசல் இரத்மலானையில் உள்ள கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகம். முன்னாள் பிரதமர் சேர் ஜோன் கொத்தலாவல நாட்டுக்கு விட்டுச்சென்ற கந்தவளைத் தோட்டத்தில் 1981இல் முதல் அணி சேர்ந்தது. அங்கே பட்டப்படிப்பும் படைப் பயிற்சியும் சேர்ந்தே நடக்கும். பெண்களுக்கும் வழி உண்டு. தரைப்படையின் மகளிர் படையணி 1979இலிருந்து இயங்குகிறது.

இத்தகைய கல்லூரிகளில் ஒரு பயிலிளவலின் நாள் எங்கும் ஏறத்தாழ ஒரே அச்சில்தான் ஓடுகிறது. விடியுமுன் எழுப்புவார்கள். சில நிமிடங்களில் முகம் மழித்து, படுக்கை விரிப்பை மடிப்புக் குலையாமல் இழுத்துக்கட்டி, மைதானத்தில் நிற்க வேண்டும். ஓட்டம், தண்டால், கம்பியில் தொங்கி எழுதல், கயிறு ஏறுதல், ஒருவரை ஒருவர் தோளில் தூக்கி ஓடுதல். பிறகு குளியல், காலை உணவு, அறைச் சோதனை. சப்பாத்தில் ஒரு தூசி, சட்டையில் ஒரு தளர்ந்த பொத்தான் இருந்தாலும் தண்டனை. அதன் பின் அணிநடை, ஆயுதப் பயிற்சி, வரைபடம் வாசித்தல், போர் வரலாறு, சட்டம். மாலையில் விளையாட்டு. இரவு உணவு மண்டபத்தில் கத்தியும் முள்ளுக்கரண்டியுமாய் எப்படிச் சாப்பிடுவது என்பதும் பாடம்தான். எல்லாம் முடிந்த பிறகு மறுநாளுக்காகச் சப்பாத்துக்கு மினுக்கம் ஏற்ற வேண்டும். நித்திரைக்கு எஞ்சுவது சில மணி நேரமே.

முதல் கிழமைகளில் பிள்ளைகளை அழவைப்பது ஓட்டத்தைவிட இந்த நேர நெருக்கடிதான். வேண்டுமென்றே நேரம் போதாமல் வைக்கிறார்கள். தன் வேலையை மட்டும் பார்ப்பவன் ஒருநாளும் முடிக்க மாட்டான். ஒருவன் பத்துப் பேரின் சப்பாத்தை மினுக்க, இன்னொருவன் பத்துப் படுக்கையைச் சரிசெய்யும் அறைதான் தப்பும். பக்கத்துப் படுக்கைக்காரன் யார், எந்த ஊர், எந்த மதம் என்பதெல்லாம் இரண்டாம் கிழமையில் கரைந்துவிடும்.

எலும்பு சொல்வதைக் கேட்க வேண்டும்

வயல் வட்டையில் மம்பட்டி பிடித்த கை, நெல்மூட்டை சுமந்த முதுகு நம் பிள்ளைகளுக்கு உண்டு. அது நல்ல முதல். ஆனால் நாள்தோறும் சப்பாத்துடன் கடினத் தரையில் ஓடுவது உடம்புக்குப் புது வேலை. நுரையீரலும் தசையும் சில கிழமைகளில் பழகிவிடும். எலும்பு அத்தனை விரைவில் பழகாது. புதிய சுமை வந்தால் உடம்பு முதலில் பழைய எலும்பை அரித்தெடுத்து, அதன் பிறகே புதியதைக் கட்டும். ஆகவே பயிற்சி தொடங்கிய முதல் மாதங்களில், உற்சாகம் உச்சத்தில் இருக்கும் வேளையில், முழங்காலுக்குக் கீழே எலும்பு பலவீனமாக இருக்கக்கூடும். பிரைட்ஹவுப்ட் என்ற பிரஷ்யப் படை மருத்துவர், நெடுநடை போன சிப்பாய்களின் வீங்கிய பாதங்களைப் பற்றி 1855இலேயே எழுதினார். அந்த வீக்கத்துக்குக் காரணமான, எலும்பில் மயிரிழை போல விழும் முறிவு இன்றும் உலகெங்கும் பயிலிளவல்களை வீட்டுக்கு அனுப்புகிறது. அடுத்த அணிக்குத் தள்ளிவிடுவார்களோ என்ற பயத்தில் வலியை மறைப்பவர்களே அதிகம் இழக்கிறார்கள். ஒரே புள்ளியில் தொடர்ந்து வலித்தால் வாய்திறந்து சொல்வதுதான் தைரியம்.

வெயிலும் அப்படித்தான். உடலின் உள்வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டி, ஆள் குழம்பிப் பேசத் தொடங்கினால் உயிருக்கே ஆபத்து. அந்த இடத்திலேயே குளிர்ந்த நீரில் உடம்பை ஆற்றுவதுதான் முதல் வேலை; வாகனம் தேடுவது அடுத்தது. சூட்டுக்கு உடம்பு பழக ஏறத்தாழ இரண்டு கிழமை வேண்டும். கடும் பயிற்சிக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் அபாயம் இருக்கிறது என்று பொருள். அளவுக்கு மீறித் தண்ணீர் மட்டும் குடித்தாலும் இரத்தத்தில் உப்புக் குறைந்து மயக்கம் வரும்.

கண்டிப்புக்கும் வதைக்கும் நடுவே கோடு ஒன்று உண்டு. 1956 ஏப்ரல் 8ஆம் திகதி இரவு, அமெரிக்காவின் பாரிஸ் தீவில், ஒழுங்கு கற்பிப்பதாகச் சொல்லி ஒரு பயிற்றுநர் தன் அணியைச் சேற்று ஓடைக்குள் நடத்திச் சென்றார். ஆறு இளைஞர்கள் மூழ்கி இறந்தார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகே அங்கே பயிற்றுநர்கள் மீதான மேற்பார்வை இறுக்கப்பட்டது. மூத்தவன் இளையவனை அவமானப்படுத்துவதால் எந்த அதிகாரியும் பிறப்பதில்லை. பெற்றோர் இதில் உறுதியாக இருக்க வேண்டும்: களைப்பைப் பிள்ளை தாங்கட்டும், கொடுமையைத் தாங்க வேண்டியதில்லை.

குளக்கட்டில் தொடங்கலாம்

விண்ணப்பிக்க நினைப்பவர்கள் அழைப்புக் கடிதம் வரும்வரை காத்திருக்கக் கூடாது. இறக்காமம் குளக்கட்டைவிட நல்ல ஓடுபாதை எங்கே கிடைக்கும்? சுபஹ் தொழுதுவிட்டு, கச்சான் காற்றும் வெயிலும் ஏறுமுன் இறங்கலாம். முதலில் நடையும் ஓட்டமும் மாறிமாறி. பிறகு கிழமைக்குக் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டலாம். நான்கு மாதமாவது வேண்டும்.

இலக்கு வேண்டுமானால் இந்தியத் தரைப்படை தன் அதிகாரிப் பயிற்சி அறிவித்தல்களில் சொல்லும் அளவைப் பார்க்கலாம்: 2.4 கிலோமீற்றரை 10 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடுதல், 40 தண்டால், கம்பியில் 6 எழுதல். இந்த 2.4 கிலோமீற்றர் ஓட்டம் உலகெங்கும் பரவக் காரணமானவர், 1960களில் அமெரிக்க விமானப்படையினரின் உடற்தகுதியை அளந்த மருத்துவர் கெனத் கூப்பர். இதயமும் நுரையீரலும் எவ்வளவு ஒட்சிசனைத் தசைக்குக் கொடுக்கின்றன என்பதை ஆய்வுகூடம் இல்லாமலே இந்த ஓட்டம் காட்டிவிடும். நீச்சலும் பழக வேண்டும். ஆனால் குளத்தில் தனியே இறங்கக் கூடாது.

உடம்புக்கு நிகராக மொழி. கட்டளை புரிய ஒரு நொடி தாமதித்தால், சோம்பல் என்றே அது எடுத்துக்கொள்ளப்படும். அம்பாறை நகரம் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேச்சுச் சிங்களம் பழகத் தடையே இல்லை. வகுப்பறைக்கு ஆங்கிலமும் தேவை. தொழுகை, நோன்பு, உணவு பற்றிய கேள்விகளைச் சேருமுன்னரே நேராகக் கேட்பது நல்லது. கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இந்தப் பாதையில் நமக்கு முன் நடந்தவர்கள் இல்லாமல் இல்லை. 1996 யூலை 19ஆம் திகதி, முல்லைத்தீவு முகாமில் சிக்கியிருந்த படையினரை மீட்கப் போன விசேட படையணிக்குத் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கேணல் பஸ்லி லாபிர். அன்றே களத்தில் இறந்தார். நாட்டின் அதியுயர் வீர விருதான பரம வீர விபூஷணய அவருக்கு வழங்கப்பட்டது. அந்தப் போரை நாம் எப்படி எடைபோட்டாலும், தன் ஆட்களுக்கு முன்னே போய் நின்ற ஒரு முஸ்லிம் அதிகாரியின் பெயர் அந்த விருது பெற்றோர் பட்டியலில் இருக்கிறது.

பயிற்சி முடித்து இரண்டாம் லெப்டினன்டாக வெளியே வரும் பிள்ளைக்கு இருபதுகளின் தொடக்க வயது. அந்த வயதில் ஏறத்தாழ முப்பது பேரின் சோறு, நித்திரை, காயம், உயிர் எல்லாம் அவன் பொறுப்பு. அவர்கள் சாப்பிட்ட பிறகே அவன் சாப்பிட வேண்டும். அவர்கள் படுத்த பிறகே அவன் படுக்க வேண்டும். தான் களைத்துப் போயிருக்கும்போதும் அடுத்தவனின் காலைப் பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். விடியுமுன் எழுப்புவதும், தூக்கி ஓடச் சொல்வதும், நேரம் போதாமல் திணறடிப்பதும் இதற்காகத்தான். போரில்லாத நாட்டிலும் வெள்ளம் வரும், சூறாவளி வரும், சுனாமி வந்ததை நாம் கண்டோம். அந்த நேரங்களில் நம் வீட்டு வாசலுக்கு வரும் அதிகாரிக்கு நம் மொழி தெரிந்திருந்தால் எவ்வளவு ஆறுதல்! அதற்கு நம் பிள்ளைகளில் சிலராவது அந்த வாசலுக்குள் போக வேண்டும். அதிபர்களும் உடற்கல்வி ஆசிரியர்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் உயர்தர மாணவர்களைக் கூட்டி, இந்த வழியையும் மற்ற வழிகளோடு சேர்த்துச் சொல்லட்டும். போவதா வேண்டாமா என்பதைப் பிள்ளை தெரிந்து முடிவெடுக்கட்டும்.