உள்ளங்கையே வால்வாக: ஆழ்குழி தோண்டும் ஒரு கைக்கருவியும் அதன் விளைவும்

நிலத்தில் ஒரு தூணை நிறுத்துவதற்குக் குழி தோண்டுதல் எளிய தொழில் என்றே பலரும் கருதுவர். மூன்றடி ஆழம் வரை அஃது உண்மையே. அலவாங்கால் மண்ணைக் கிளறிச் சிரட்டையாலோ கையாலோ அள்ளி வெளியே போட்டுவிடலாம். குழி அதனினும் ஆழமாகும்போதே இடர் தோன்றுகின்றது. மண்ணைக் கிளறுதல் அப்பொழுதும் எளிதே. கிளறிய மண்ணை மேலே கொண்டுவருதலே அரிது. குழியை அகலமாக்கி ஆளொருவர் உள்ளே இறங்கலாமெனின், நாலங்குல விட்டமுள்ள தூணுக்கு நாலடி அகலக் குழி வெட்டுவது வீண் உழைப்பாகும். அன்றியும், அகழ்ந்த மண்ணை மீள இட்டு நிரப்பிய குழியில் தூண் உறுதியாக நில்லாது. நீர் ஊறும் மணல் நிலமாயின் தொல்லை இரட்டிக்கும். அள்ளுந்தோறும் பக்கத்து மணல் சரிந்து குழியை நிரப்பும்; கருவியில் ஏறிய சேறு குழிவாயை எட்டுமுன் வழுகி வீழும்.

இவ்விடரை நீக்குதற்கு வளிமண்டலத்தின் அமுக்கத்தையே ஏவலாளாகக் கொள்ளலாம். இரு முனையும் திறந்த குழாயொன்றை ஈர மணலில் இரண்டடி ஆழம் வரை அழுத்தி, அதன் மேல்வாயைக் காற்றுப் புகாவண்ணம் மூடித் தூக்கினால், மணல் குழாயினுள்ளேயே நின்று உடனெழும். வெளியே கொணர்ந்து மூடியைத் திறந்த அளவில் அது முழுத்தண்டாக வழுகி விழுந்துவிடும். இரசாயன ஆய்கூடத்தில் மாணவன் குழாயியின் மேல்முனையைச் சுட்டுவிரலால் அடைத்துத் திரவத்தை ஏந்திச் செல்வதும் இதே தத்துவத்தினாலாகும். குழாயியில் நிற்பது நீர்; இங்கே நிற்பது நீரோடு கூடிய மணல். வேறுபாடு அவ்வளவே.

கணக்கிட்டுப் பார்ப்பின் இதன் எளிமை விளங்கும். உள்விட்டம் 10 சென்ரிமீற்றரான குழாயின் குறுக்குப் பரப்பு ஏறக்குறைய 78 சதுர சென்ரிமீற்றர். அதனுள் 60 சென்ரிமீற்றர் நீளத்திற்கு ஈரமணல் ஏறியிருப்பின் அதன் நிறை 9 கிலோகிராமுக்குச் சற்று மேலாகும். இதனைத் தாங்கச் சதுர சென்ரிமீற்றர் ஒன்றிற்கு 120 கிராம் நிறைக்கு ஒத்த அமுக்க வேறுபாடு போதும். வளிமண்டலமோ ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் ஒரு கிலோகிராம் நிறைக்கு ஒத்த விசையால் அமுக்கிக்கொண்டிருக்கின்றது. ஆகவே, அதன் வலுவில் எட்டிலொரு பங்கே இங்குத் தேவைப்படுகின்றது. குழாய்ச் சுவரின் உராய்வும் துணைசெய்யும். எனினும் ஒரு நிபந்தனை உண்டு. மணல் நீரால் நிறைந்திருத்தல் வேண்டும். உலர்ந்த மணலின் இடைவெளிகளூடாகக் காற்று மேலேறி உள்ளமுக்கத்தைச் சமன்செய்துவிடுமாதலால், மணல் சரிந்து விழும். குழாயினுள் மணலுக்கு மேலே எஞ்சிய வெளியையும் நீரால் நிரப்பிய பின்னரே மூடுதல் நன்று. அடைபட்ட காற்று விரிந்து இடங்கொடுக்கும், நீர் அவ்வாறு விரிந்துகொடாது.

களிமண் நிலத்தில் தோண்டியவர் இதே விசையைப் பகையாக அறிவர். ஈரக் களியில் அழுந்திய குழாயை மேலே இழுக்கும்போது அதன் அடியில் வெற்றிடம் உண்டாக முயல்கின்றது. நீரோ காற்றோ அங்குச் செல்ல வழியில்லை. 15 சென்ரிமீற்றர் விட்டமுள்ள குழாயாயின், எல்லைநிலையில் 180 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசை அதனைக் கீழே பிடித்து வைத்திருக்கும். இருவர் சேர்ந்து இழுப்பினும் அசையாது. குழாயைத் திருகி ஆட்டியோ, அதன் பக்கத்தே மெல்லிய கம்பியைச் செலுத்தியோ அடிக்குக் காற்று வழி திறந்தால் அது சட்டென்று எழும். உறிஞ்சுதல் என நாம் வழங்குவது உண்மையில் இழுத்தலன்று, வெளியிலுள்ள வளி தள்ளுதலே என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

இத்தத்துவத்தைக் கைத்தொழிலாக முழுமைபெறச் செய்தவர்கள் கங்கை, பிரமபுத்திரா, மேக்னா ஆகிய பேராறுகள் படிவித்த வண்டல் நிலத்தில் வாழும் வங்காளக் குழாய்க்கிணற்றுத் தொழிலாளர் ஆவர். அவர்தம் முறையை ஆங்கில நூல்கள் ஸ்லட்ஜர் முறை என்று கூறும். அதற்கு வேண்டிய கருவிகள் மிகச் சில. மூங்கிலால் கட்டிய ஒரு சாரம், நெம்புகோலாக உதவும் நீண்ட மூங்கில் ஒன்று, ஒன்றரை அங்குல இரும்புக்குழாய்கள், ஒரு சங்கிலி அல்லது கயிறு. இவற்றுடன் மனிதனுடைய உள்ளங்கை. முதலில் சிறு பள்ளமொன்று வெட்டி அதனை நீரால் நிரப்புவர். குழாயை அதனுள் நிறுத்தி நெம்புகோலுடன் பிணைப்பர். கீழே நிற்பவர் நெம்புகோலை அழுத்தியும் விட்டும் குழாயை ஏறி இறங்கச் செய்வர். சாரத்தின் மேலிருப்பவர் குழாய் மேலெழும்போது அதன் வாயை உள்ளங்கையால் இறுக மூடுவார்; கீழே விழும்போது கையை எடுத்துவிடுவார். யாழ்ப்பாணத்துத் துலாவில் ஒருவர் மேலே மிதிக்க மற்றொருவர் பட்டை பிடிப்பதைக் கண்டவர்க்கு இவ்விருவரின் ஒத்திசைவு புதிதாகத் தோன்றாது.

குழாய் விழும்போது அதன் அடிவிளிம்பு மண்ணை வெட்டுகின்றது. வெட்டுண்ட மண் நீரிற் கலந்து குழாயினுள் புகுகின்றது. குழாய் எழும்போது வாய் மூடியிருத்தலின் உள்ளே நிற்கும் சேற்றுநீர்த்தண்டு கீழிறங்க மாட்டாமல் குழாயுடன் எழுகின்றது. அடியில் உண்டாகும் வெளியைக் குழாய்க்கு வெளியிலுள்ள நீர் ஓடிவந்து நிரப்புகின்றது. மீண்டும் கை திறக்கக் குழாய் சட்டென விழும். ஆயின், முன்னர் மேனோக்கி இயங்கிய சேற்றுநீர் தன் சடத்துவத்தால் அவ்வளவு விரைவில் விழாது. வாயினின்றும் சேறு பீறிட்டுப் பக்கத்தே கொட்டும். இவ்வாறு ஒவ்வோர் அசைவிலும் குழி ஆழமாகின்றது. தோண்டிய மண் தானே மேலேறி வருகின்றது. மென்மையான வண்டலில் 20, 30 மீற்றர் ஆழம் ஒரு நாளில் முடிந்துவிடும். குழாய் முழுதும் இறங்கியதும் மற்றொரு துண்டைத் திருகிச் சேர்ப்பர்.

இங்கு மாணவர் ஒருவர் நியாயமான ஐயமொன்றை எழுப்பலாம். உறிஞ்சற்பம்பி 10 மீற்றருக்கு மேல் நீரை ஏற்றாது என்பது பாடநூல் கூறும் உண்மை. பம்பி 18 முழத்திற்கு மேல் நீரை எடுக்காமையைக் கலிலியோ 1638இல் வெளியான தம் நூலிற் குறிப்பிட்டார். அவர் மாணாக்கரான தொரிசெல்லி 1643இல் இரசக்குழாயைக் கொண்டு அதன் காரணத்தை விளக்கினார். அவ்வாறாயின் 30 மீற்றர் ஆழத்துச் சேற்றை ஓர் உள்ளங்கை ஏற்றுவது எங்ஙனம்? விடை, பள்ளத்தில் நிரப்பிய நீரில் உள்ளது. குழாய்க்கு வெளியே குழி முழுவதும் நீர் தரைமட்டம் வரை நிற்கின்றது. உள்ளிருக்கும் தண்டை வெளியிருக்கும் தண்டு சமன்செய்கின்றது. எனவே வளியமுக்கம் தாங்கவேண்டியது, நீர்மட்டத்திற்கு மேலே நீண்டிருக்கும் ஒன்றிரண்டு மீற்றர்ப் பகுதியையும், சேற்றுநீர் தெளிநீரினும் கனமாயிருத்தலால் விளையும் வேறுபாட்டையுமே. உள்நீர் பத்திலொரு பங்கு கனமாயின் 30 மீற்றருக்கு அவ்வேறுபாடு 3 மீற்றர் நீருக்கு ஒப்பாகும். சேறு மிகத் தடித்தால் அல்லது பள்ளத்து நீர் வற்றினால் வேலை நின்றுபோதற்குக் காரணம் இதுவே. குழாய்வாயின் பரப்பு 11 சதுர சென்ரிமீற்றர் அளவினதாதலின், முழு வெற்றிடமே உண்டாயினும் உள்ளங்கையின் மேல் 12 கிலோகிராம் நிறைக்கு மேற்பட்ட விசை விழாது. ஆள் தாங்கக்கூடிய அளவே அது. குழாய் அகலித்தால் கை போதாது. குழாயின் நிறையோ வேறு கணக்கு. மீற்றருக்கு ஏறக்குறைய மூன்றரைக் கிலோகிராம் வீதம் 30 மீற்றருக்கு நூறு கிலோகிராமைக் கடந்துவிடும். நெம்புகோல் அதற்கே.

பள்ளத்து நீரிற் பசுஞ்சாணத்தைக் கரைப்பது இத்தொழிலாளரின் மற்றொரு நுட்பம். சாணம் குழிச்சுவரில் மெல்லிய தோல்போற் படிந்து நீர் மணலுக்குள் கசிந்தோடாமற் காக்கும். நிறைந்து நிற்கும் நீரின் அமுக்கம் அத்தோலை வெளிநோக்கித் தள்ளிச் சுவர் சரியாமல் நிறுத்தும். எண்ணெய்க் கிணறு துளைப்போர் இதே பயனுக்காகப் பெந்தனைற்றுக் களியைக் கலப்பர். கற்றறிந்த பொறியியலும் கல்லாத கைத்தொழிலும் ஒரே விடையைக் கண்டமை வியப்புக்குரியதன்று. இரண்டையும் வினவியது ஒரே மணல்.

கல் குறுக்கிடின் இம்முறை பயன்படாது. பருக்கைக்கல்லும் பாறையும் குழாயின் விளிம்பை மழுக்கிவிடும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கல் இதற்குச் சிறிதும் இடங்கொடாது. வங்காள வண்டலோ நூற்றுக்கணக்கான மீற்றர் வரை கல்லின்றிக் கிடப்பது.

அவ்வியல்பே ஒரு நாட்டின் வாழ்வை மாற்றியது. குளத்து நீரையும் ஆற்று நீரையும் பருகி வாந்திபேதியாலும் வயிற்றோட்டத்தாலும் குழந்தைகள் மாண்டுகொண்டிருந்த வங்காளதேசத்தில், 1970களில் அரசும் யுனிசெவ் நிறுவனமும் குழாய்க்கிணறுகளைப் பரப்பின. செலவு சிறிதாகையால் பின்னர் மக்கள் தாமே தொழிலாளரை அழைத்துத் தத்தம் முற்றத்திற் கிணறு இறக்கினர். காலப்போக்கில் அவற்றின் தொகை ஏறத்தாழ ஒரு கோடியை எட்டியது. நோய்க்கிருமி அற்ற நீர் வீட்டு வாசலிலேயே கிடைத்தது. 1993இல் அந்நாட்டின் நீரில் ஆசனிக்கு இருத்தல் கண்டறியப்பட்டது. அதற்குப் பத்தாண்டு முன்னரே எல்லைக்கு அப்பால் மேற்கு வங்காளத்தில் தோல்நோய் வைத்தியர் கே. சி. சாகா அந்நஞ்சின் குறிகளை நோயாளரிடம் கண்டிருந்தார். நெடுங்காலம் அந்நீரை அருந்தியவரின் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்துக் கரடுகட்டும். பிற்காலத்திற் புற்றுநோயும் தோன்றும். 1998, 1999ஆம் ஆண்டுகளில் பிரித்தானியப் புவிச்சரித ஆய்வகமும் வங்காளதேசப் பொதுச்சுகாதாரப் பொறியியல் திணைக்களமும் சேர்ந்து 3,534 கிணறுகளைச் சோதித்தன. 150 மீற்றருக்குக் குறைந்த ஆழமுடையவற்றுள் நூற்றுக்கு 27இல் ஆசனிக்கு அந்நாட்டின் எல்லையளவான இலீற்றருக்கு 50 மைக்கிரோகிராமைக் கடந்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் கூறும் அளவோ 10 மைக்கிரோகிராமே. வரலாற்றில் ஒரு மக்கட்டொகை நஞ்சுண்ட நிகழ்ச்சிகளுள் இதுவே மிகப் பெரிது என 2000ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் ஏட்டில் வெளிவந்த கட்டுரையொன்று கூறிற்று.

கருவியைக் குறைகூறுதல் பொருந்தாது. ஆசனிக்குக்குச் சுவையில்லை, மணமில்லை, நிறமில்லை. குழாய்வாயை மூடிய கை அதனை உணர வழியில்லை. குறை, சோதியாது பருகத் தந்தமையிலே உள்ளது. நஞ்சு நிலத்துக்குப் புறத்திலிருந்து வந்ததுமன்று. இமயத்தினின்றும் அடித்துவரப்பட்ட மணலின் மேற்படிந்த இரும்பு ஒட்சைட்டுகளில் அது பற்றியிருக்கின்றது. புதையுண்ட தாவரப் பொருளை உண்டு வாழும் பற்றீரியாக்கள் ஒட்சிசன் அற்ற இடத்தில் அவ்விரும்பைத் தாழ்த்துகின்றன. இரும்பு கரையும்போது அதனைப் பற்றியிருந்த ஆசனிக்கும் நீருட் செல்கின்றது.

இவ்வுண்மையில் ஒரு நற்பயன் உண்டு. இரும்பு ஒட்சியேற்றப்பட்ட நிலையில் இருக்கும் மணல் செம்மஞ்சள் அல்லது செந்நிறமாயிருக்கும். தாழ்த்தப்பட்ட மணல் சாம்பல் அல்லது கருநிறமாகும். குழாய்வாயினின்று கொட்டும் சேற்றை நாள்தோறும் காண்பவர் தொழிலாளரே. மத்லாப் என்னும் பகுதியில் அவர்கள் மணலைக் கறுப்பு, வெள்ளை, மங்கல் வெள்ளை, சிவப்பு என நால்வகையாகப் பிரித்து வழங்கிவந்தனர். சுவீடனையும் வங்காளதேசத்தையும் சேர்ந்த ஆய்வாளர் அவ்வகைகளோடு நீரின் சோதனை முடிவுகளை ஒப்பிட்டு 2007இல் வெளியிட்டனர். கறுப்பு மணலின் நீரில் ஆசனிக்கு மிகுந்தும், சிவப்பு மணலின் நீரிற் குறைந்தும் காணப்பட்டது. நிறம் வழிகாட்டுமேயன்றிச் சான்றாகாது. சில படைகளில் ஆசனிக்குக் குறைந்தவிடத்து மங்கனீசு மிகுதல் உண்டு. ஆதலின், தோண்டியபின் நீரைச் சோதித்தே தீரல் வேண்டும். 2000க்கும் 2003க்கும் இடையில் ஏறக்குறைய 50 இலட்சம் கிணறுகளைச் சோதித்து, தீயனவற்றின் பம்பிக்குச் சிவப்பும் நல்லனவற்றிற்குப் பச்சையும் பூசினர். சிவப்புப் பெற்றவை ஏறத்தாழ 14 இலட்சம்.

150 மீற்றருக்குக் கீழுள்ள நீரில், மேற்கூறிய ஆய்வின்படி, நூற்றுக்கு ஒன்றளவே எல்லையைக் கடந்தது. அவ்வாழத்திற்கு உள்ளங்கை போதாது. பம்பியால் நீரைக் குழாய்வழி உட்செலுத்திச் சேற்றை வெளியேற்றுவர். அத்தகைய கிணற்றைச் சுற்றியுள்ள இடைவெளியைக் களிமண்ணால் நன்கு அடைத்தல் வேண்டும். அடைப்புப் பழுதாயின் மேற்படையின் நீர் குழாயின் புறத்தே வழிந்து கீழ்ப்படையைச் சேரும்.