கம்பைலர் தவறினால் உங்களுக்கு என்ன உரிமை?

அறந்தாங்கியிலோ கீரனூரிலோ சி மொழி படிக்கும் மாணவரின் நிரல் தப்பான விடை தந்தால், பழி மாணவர் மீதுதான் விழும். பெரும்பாலும் அது நியாயமே. ஃபங்ஷனுக்குள் அறிவித்த அரேக்கு மதிப்பே கொடுக்காமல் விட்டால் அதில் குப்பை எண்கள்தான் கிடக்கும். ஆனால் ஐந்து இடமுள்ள அரேக்கு ஒரு மதிப்பு மட்டும் கொடுத்தால், மீதி நான்கிலும் சுழியம் இருந்தாக வேண்டும். சி மொழியின் தரநிலை 1989-லிருந்தே தரும் உறுதி இது. அங்கே வேறு எண் வந்தால் கம்பைலரைச் சந்தேகிக்கலாம்.

கம்பைலரும் தவறும். சிஸ்மித் என்ற கருவியால் சி கம்பைலர்களைச் சோதித்த யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், 325-க்கும் மேற்பட்ட வழுக்களைக் கண்டதாக 2011-ல் எழுதினார்கள். எரர் காட்டி நின்றுவிடும் வழுவால் பெரிய கெடுதி இல்லை. ஒன்றும் சொல்லாமல் தவறான நிரலை உருவாக்கித் தருவதுதான் ஆபத்து. அந்தத் தவறு சம்பளப் பட்டியலில் புகுந்தாலும் யாருக்கும் தெரியாது. ஒரு பிரிண்ட்எஃப் வரியைச் சேர்த்ததும் விடை சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். பிழை ஒளிந்திருக்கிறது, தீரவில்லை.

முதலில் தவறு உங்கள் நிரலில் இல்லை என்று உறுதிசெய்ய, கம்பைலரின் எச்சரிக்கைகள் அனைத்தையும் இயக்கி, ஓடும்போதே பிழையைக் காட்டும் சானிடைசரோடு ஓட்டிப் பாருங்கள். ஆப்டிமைசேஷன் இல்லாமலும் அதோடும், பிறகு க்ளாங் போன்ற வேறொரு கம்பைலரிலும் ஓட்டி ஒப்பிடுங்கள். வெளியீட்டுக் குறிப்பையும் படியுங்கள்: ஜிசிசி கம்பைலரின் 2025-ல் வந்த 15-ம் பதிப்பில், ஃபங்ஷனுக்குள் அறிவித்த யூனியனுக்குச் சுழியம் கொடுத்தால் முதல் உறுப்புக்கு மட்டுமே உத்தரவாதம். அது அறிவித்துச் செய்த மாற்றம், வழு அல்ல.

சந்தேகம் உறுதியானால், பிழை தெரியும் சில வரிகளாக நிரலைச் சுருக்குங்கள். கம்பைலர் பதிப்பு, கொடுத்த கட்டளை, எதிர்பார்த்த விடை, வந்த விடை ஆகியவற்றோடு ஜிசிசியின் வழுப் பதிவுத் தளமான பக்சில்லாவில் பதியுங்கள். கட்டணம் இல்லை, எளிய ஆங்கிலம் போதும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1987-ல் வெளியிட்ட ஜிசிசியின் மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் ஜிபிஎல் உரிமம் எவருக்கும் இடம் தருகிறது. திருத்தம் அனுப்பினால் ஒரு சோதனை நிரலையும் சேர்த்தனுப்புங்கள். அதே வழு மீண்டும் தலைகாட்டினால் அந்தச் சோதனை பிடித்துவிடும். ஒன்றை மறக்க வேண்டாம்: அதே உரிமம் உத்தரவாதம் எதுவும் இல்லை என்றும் சொல்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ம் இலவசச் சேவையைக் கணக்கில் கொள்வதில்லை. எனவே நஷ்டஈட்டை எதிர்பார்க்க முடியாது.

டர்போ சி++ என்ற பழைய கம்பைலர் இன்னும் ஓடும் ஆய்வகங்களில் இந்த வழியும் இல்லை. அதன் மூலநிரல் நம் கைக்கு வராது, திருத்தித் தரவும் ஆளில்லை. புதுக்கோட்டை மாவட்டக் கல்லூரி ஆசிரியர்களே, இன்றும் பராமரிக்கப்படும் கம்பைலரை ஆய்வகத்தில் நிறுவுங்கள். வழுப் புகார் எழுதுவதையும் ஒரு செய்முறைப் பயிற்சியாகச் சேருங்கள்.