அடுத்த வருஷமும் அதே படி ஏற வேண்டும்

காஞ்சிபுரத்தில் நன்கொடை கேட்கக் கிளம்புகிறவர்களுக்கு முதலில் நேரம் தெரிய வேண்டும். காந்தி ரோட்டில் காலைப் போணி ஆகாத கடையின் படியை ஏறக் கூடாது. வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு எந்த வீட்டிலும் பணம் கேட்கக் கூடாது. கோர்வைச் சேலை ஓடிக்கொண்டிருக்கும் தறிக்குப் பக்கத்தில் நின்று பேச்சுக் கொடுக்கவே கூடாது. நெய்கிறவரும் மறுகரைக்கு நாடா வீசுகிறவரும் ஒரே கணக்கில் கை ஓட்டிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் கவனம் சிதறினாலும் கரை கெடும். டீ வரும் வரை திண்ணையில் உட்கார்ந்திருந்தால் அவர்களே கூப்பிடுவார்கள்.

நான் பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்துப் பெண். இந்த ஊர் லயன்ஸ் சங்கக் கிளை ஒன்றில் பொருளாளர். கண் சிகிச்சை முகாமுக்காக வருஷா வருஷம் ரசீதுப் புத்தகத்தோடு தெருத்தெருவாகப் போகிறேன். ஒரு தொண்டு அமைப்பின் தலைமையகம் விளம்பரம் கொடுத்து முகம் தெரியாத லட்சம் பேரிடம் கேட்கலாம். ஊர்க்கிளைக்கு அந்த வசதி கிடையாது. நமக்கு இருப்பது அதே கடைகள், அதே தெருக்கள், அதே மனிதர்கள். ஆகவே ஊர்க்கிளை நிதி திரட்டுவதில் எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான்: இந்த வருஷம் எவ்வளவு வந்தது என்பதைவிட, அடுத்த வருஷம் அதே வாசலில் நம்மை ‘வாம்மா’ என்பார்களா என்பது.

எதற்காகக் கேட்கிறோம்?

லயன்ஸ் சங்கம் கண்ணைத் தன் முதன்மைப் பணியாக எடுத்துக்கொண்டதற்கு 1925இல் ஹெலன் கெல்லர் ஆற்றிய உரை காரணம். பார்வையற்றவர்களுக்காகத் தோள் கொடுங்கள் என்று அவர் அந்த ஆண்டு மாநாட்டில் கேட்டுக்கொண்டார். காஞ்சிபுரத்தில் இந்தப் பணிக்கு விளக்கம் தேவையில்லை. பட்டிழை அறுந்தால் தேடிப்பிடித்து முடிச்சுப் போடக் கண் வேண்டும். கண்ணில் புரை விழுந்தால் கூலி நிற்கும்.

முகாமில் செலவைப் பிரித்துக்கொள்ளும் முறையைத் தமிழ்நாட்டுக்குப் பழக்கியதில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் பெரிய பங்கு உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அது. ஊர் அமைப்பு இடம் பிடிக்கும், ஆட்டோவில் அறிவிப்புச் செய்யும், நோட்டீஸ் அடிக்கும், வந்தவர்களை உட்கார வைத்துக் கவனிக்கும். பரிசோதனையையும் அறுவை சிகிச்சையையும் மருத்துவமனை பார்த்துக்கொள்ளும். இதனால் ஊர்க்கிளை திரட்ட வேண்டிய தொகை கைக்கு எட்டும் தொகையாகிறது. ‘தர்ம காரியத்துக்குக் கொடுங்கள்’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, ‘முகாம் அன்றைக்கு வருகிறவர்களின் மதியச் சாப்பாடு உங்கள் பொறுப்பு’ என்று கேட்டால் கொடுப்பவருக்கு மனசில் பிடிபடுகிறது. தொகையை 501, 1001 என்று சொல்லுங்கள். மொய் எழுதிப் பழகிய ஊரில் பூஜ்யத்தில் முடிகிற தொகையாகக் கொடுக்கக் கை தயங்கும்.

ஊரின் நாட்காட்டி

சங்கத்தின் ஆண்டு ஜூலை முதல் தேதி தொடங்குகிறது. புதிய பொறுப்பாளர்கள் அந்த வேகத்திலேயே வசூலுக்குக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் பதினைந்து நாளில் ஆடி பிறந்துவிடும். ஆடியில் முகூர்த்தம் இல்லை, பட்டுக்கு ஓட்டம் குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் தறிக்குழியில் தண்ணீர் ஊறும், தெருவில் பாவு போட முடியாது, நெசவே நின்றுபோகும். தீபாவளிக்கு முன் கூட்டுறவுச் சங்கங்களில் போனஸ் வரும். அது பிள்ளைகளின் துணிக்கும் பழைய கடனுக்கும் போகிற காசு, அதில் நாம் கை வைக்கக் கூடாது. பங்குனியில் பரீட்சை, ஒலிபெருக்கி கட்ட முடியாது. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கு ஊரே நிரம்பும். அன்று நீர்மோர் கொடுக்கலாம், உண்டியல் குலுக்கக் கூடாது. இருப்பதில் தோதானவை தையும் மாசியும். நிதி திரட்டும் நிகழ்ச்சியை அங்கே வையுங்கள். ஆடியில் உட்கார்ந்து திட்டம் போடுங்கள், போன வருஷம் கொடுத்தவர்களைச் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நிகழ்ச்சியும் மலரும்

பாட்டுக் கச்சேரி வைத்துப் பொதுக் காரியத்துக்குப் பணம் திரட்டுவது நம் நாட்டில் ஆழமாக வேர்விட்ட வழக்கம். எம். எஸ். சுப்புலட்சுமி பாடித் திரட்டிக் கொடுத்த நிதியால் பயன்பெற்ற நிறுவனங்கள் பல. 1974இல் அவருக்கு மகசேசே விருது பொதுச்சேவைப் பிரிவில் கிடைத்ததற்கு அந்தக் கொடை முக்கியக் காரணம். ஆனால் கச்சேரி வைத்தாலே பணம் வந்துவிடாது. மண்டப வாடகை, மைக் செட், மேடை, பக்கவாத்தியக்காரர்களின் சன்மானம், சிற்றுண்டி என்று செலவு ஏறும். 2 லட்சம் வசூலாகி 1,20,000 செலவானால் முகாமுக்கு 80,000தான் மிஞ்சும். டிக்கெட் வாங்கியவரோ முழுப் பணமும் கண்ணுக்குப் போனதாக நினைத்துக்கொண்டிருப்பார். எனவே மண்டபத்துக்கு ஒருவர், மைக்குக்கு ஒருவர், சிற்றுண்டிக்கு ஒருவர் என்று ஏற்றுக்கொள்ள ஆள் பிடித்த பிறகே தேதி குறியுங்கள்.

செலவு குறைந்த வழி விழா மலர். பின் அட்டையும் உள் அட்டைகளும் முதலில் போய்விடும். பட்டுக் கடை, நகைக் கடை, அரிசி மண்டி, கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம் என்று முழுப்பக்கமும் அரைப்பக்கமுமாக நிரப்பலாம். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: விளம்பரத்துக்குக் கொடுப்பது கடையின் வியாபாரச் செலவு, அது நன்கொடை ஆகாது. அதற்கு நன்கொடை ரசீது தரக் கூடாது.

ரசீது சுத்தமாக இருக்க வேண்டும்

‘80ஜி உண்டா?’ என்று, அதாவது நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு கிடைக்குமா என்று, கடைக்காரர்கள் கேட்பார்கள். தாய் அமைப்புக்கு அந்த அனுமதி இருந்தாலும் உங்கள் கிளை பெயரில் போடும் ரசீதுக்கு அது செல்லுமா என்று ஆடிட்டரைக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் இந்தக் கழிவு கிடையாது. புதிய வரி முறையில் கணக்குக் காட்டுகிறவருக்கும் கிடையாது. க்யூஆர் அட்டை சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும். பொருளாளரின் சொந்த எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட வரக் கூடாது.

லயன்ஸ் சங்கத்தில் நான் மிகவும் மதிக்கும் விதி, நிர்வாகக் கணக்கையும் சேவைக் கணக்கையும் தனித்தனியாக வைத்திருப்பது. உறுப்பினர் சந்தாவும் கூட்டச் சாப்பாட்டுக் காசும் முதல் கணக்கில். பொதுமக்கள் கொடுத்தது இரண்டாவது கணக்கில், அது பொதுமக்களுக்கே திரும்பிப் போக வேண்டும். ‘நாங்க குடுக்குற காசு இங்கேயே இருக்குமா, அமெரிக்காவுக்குப் போயிடுமா?’ என்று நெசவாளர் வீடுகளில் நேராகவே கேட்பார்கள். நியாயமான கேள்வி. ரோட்டரி சங்கத்தினர் தங்கள் ஆண்டு நிதியைப் பற்றி, ஏறக்குறைய பாதி 3 வருஷம் கழித்து மாவட்டப் பணிகளுக்கே திரும்பும் என்று சொல்ல முடியும். உங்கள் அமைப்பில் மேலே போவது எவ்வளவு, இங்கே தங்குவது எவ்வளவு என்று தெரிந்துகொண்டு போங்கள்.

என் தெருவில் ஒரு பெரியவர் ஒவ்வொரு முறையும் 101 ரூபாய்தான் கொடுப்பார். கொடுப்பதற்கு முன், ‘ஏம்மா, போன வருஷம் நம்ம தெருவுல யாருக்குக் கண்ணு தெரிஞ்சது?’ என்று கேட்பார். ‘ஆபரேஷன் பண்ணிக்கிட்டவங்களே சொல்லட்டும் பெரியப்பா’ என்று, சம்மதித்தவர்களை அழைத்து வந்து அவரிடம் பேச வைப்பேன். சிகிச்சை பெற்றவர்களின் படத்தை அவர்கள் சம்மதமில்லாமல் பேனரில் போடுவது தவறு. அவர்கள் தாமாக வந்து நாலு வார்த்தை சொல்வதற்கு எந்தப் பேனரும் ஈடாகாது.

கணக்குக் காட்டுவதை நாம் வெளியிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. எங்கள் மாவட்டத்து உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலையில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் போன்றவற்றுக்கு ஆள் எடுத்த விதியைச் சொல்பவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி பொறுப்புக்கு வர முடியாது என்று அவற்றில் இருக்கிறது. அந்தக் காலத்தில் கோயில் விளக்குக்குக் கொடுத்தவர்களும் வெறும் எண்ணெயைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஒரு நந்தா விளக்குக்கு 90 அல்லது 96 ஆடு என்று மந்தையை விட்டார்கள். மந்தை குறையாமல் இருக்கும், நெய் வந்துகொண்டே இருக்கும். நம் கிளைகளும் வசூலில் ஒரு பங்கை, கொடுப்பவர்களிடம் சொல்லிவிட்டு, வைப்பு நிதியில் போட்டு வட்டியைச் செலவழித்தால், ஒரு வருஷம் மழை கெடுத்தாலும் முகாம் நிற்காது.

இந்த வருஷம் உங்கள் ஊர்க்கிளையில் பொறுப்பேற்கிறவர்களுக்கு என் வேண்டுகோள்: புது ரசீதுப் புத்தகம் அச்சடிப்பதற்கு முன் போன வருஷத்து வரவு செலவை ஒரே தாளில் அடியுங்கள். கொடுத்தவர்கள் பெயர், செலவான இடம், மிச்சம் எவ்வளவு என்று எல்லாம் அதில் இருக்கட்டும். 101 ரூபாய் கொடுத்தவருக்கும் பின் அட்டை வாங்கியவருக்கும் அதே தாளைக் கையில் கொடுங்கள். கொடுத்துவிட்டுப் பிறகு கேளுங்கள். அந்தத் தாளை நீட்டத் தயங்காதவர்கள்தான் ஊரிடம் கை நீட்டத் தகுதியானவர்கள்.