துவக்கும் பாதுகாப்புக் கட்டளையும்

போரைக் கண்ட வன்னிப் பெண்களில் துவக்கைக் காணாதவர் இல்லை. ஆனால் துவக்கு வைத்திருப்பது ஒருவரின் உரிமையென எமது அரசியலமைப்பு சொல்லவில்லை. 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி அதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். பன்றிக்கென வைக்கும் கட்டுத்துவக்கு சட்டவிரோதமானது.

அமெரிக்காவில் அது அரசியலமைப்பு உரிமை. பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுசெல்ல விசேட காரணம் காட்டவேண்டும் என்ற நியூயோர்க் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் தள்ளிவிட்டது. எந்தக் கட்டுப்பாடும் நாட்டின் பழைய மரபுக்கு ஒத்திருக்க வேண்டுமாம். அதன் விளைவு பெண்கள் மேல் வந்து விழுந்தது. காதலியை அடித்து, நீதிமன்றத் தடைக்கு உள்ளானவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாதென்ற சட்டம் பழைய மரபில் இல்லையென 2023இல் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று கூறியது. மனைவியை அடிப்பதைக் குற்றமாகவே எண்ணாத காலத்தில் அப்படியொரு சட்டத்தை எங்கே தேடுவது? 2024 ஜூனில் உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என அத்தீர்ப்பை மாற்றியது.

எமக்கு 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் உண்டு. நீதவான் நீதிமன்றில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். உங்களுக்காகப் பொலிசாரும் விண்ணப்பிக்கலாம். அது 12 மாதம் வரை செல்லும். அடித்தவர் வீட்டுக்குள் வருவதையே தடுக்கலாம்.

வீட்டில் துவக்கு இருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள். ‘சொன்னால் அவரைப் பிடித்துவிடுவார்கள், பிள்ளைகளுக்குச் சோறு யார் போடுவது’ என்று பலர் மறைக்கிறார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. பொலிசுக்குப் போகத் தயங்கினால், பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் முதலில் பேசலாம்.